மழை பெய்த நாளைத் தேடியபோது



எங்கள் மகளிர் குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பிப் போன பிறகும் ஓர் அக்கா மட்டும் போகாமல் இருந்தார். மடியில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் பல வருடங்களாகச் சேர்த்து வைத்த கடதாசிகள். அவரது சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன். அவரது பெயரையும் ஊரையும் எழுதவில்லை. அதற்கான காரணம் கட்டுரையைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கு விளங்கும்.

அவருடைய மகன் இறுதி யுத்த காலத்தில் காணாமற் போனவர். அது பற்றி அவர் மூன்று இடங்களில் படிவம் நிரப்பியிருக்கிறார். மூன்றிலும் திகதி வேறு வேறாக இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவர் ஒரே கதையைத்தான் சொன்னார். எழுதிக் கொடுத்தவர்கள் தாங்களாகவே ஒரு திகதியைப் போட்டிருக்கிறார்கள். கடைசியாகப் போன அலுவலகத்தில், "இதில் எது சரி அம்மா?" என்று கேட்டார்களாம். அந்தக் கேள்வியோடுதான் அவர் என்னிடம் வந்தார்.

"அக்கா, உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேட்டேன்.

"எனக்குத் திகதி தெரியாது பிள்ளை. மழைதான் தெரியும். அண்டைக்கு மழை எண்டா மழை. கூடாரத்துக்குள்ள முழங்காலளவு தண்ணி. அடுத்த நாள் வெள்ளாப்போட, காஞ்ச விறகு எங்கயும் கிடக்கோ பாத்துக்கொண்டு வாறன் எண்டு போனவன்."

இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் நாட்காட்டி பார்த்து வாழ்ந்தவர் யார்? பிள்ளை பிறந்ததை, ஒருவர் இறந்ததை, ஒருவர் பிரிந்ததை எல்லாம் நாங்கள் மழையோடும் வெயிலோடும் இடம்பெயர்வோடும் சேர்த்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம். படிவத்தில் அதற்கு இடமில்லை. படிவம் கேட்பது நாள், மாதம், வருடம்.

அந்த அக்கா சொன்ன மழை எது என்பது எனக்கு ஓரளவு தெரிந்தது. 2008ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் "நிஷா" என்ற புயல் இலங்கையின் வடபகுதியை ஒட்டி நகர்ந்து, பிறகு தமிழ்நாட்டுக் கரையைக் கடந்தது. நவம்பர் 25ஆம் திகதியை ஒட்டிய நாட்களில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பெருமழை பெய்தது. ஏற்கெனவே இடம்பெயர்ந்து கூடாரங்களிலும் மரங்களின் கீழும் இருந்த மக்களை அந்த வெள்ளம் மறுபடியும் எழுப்பியது. ஆனால் அந்த மாரியில் வேறு நாட்களிலும் மழை பெய்திருக்கும் அல்லவா? எனவே பழைய வானிலையைக் காட்டும் இணையத்தளம் ஒன்றில் பார்ப்போம் என்று கைத்தொலைபேசியை எடுத்தேன்.

பழைய வானிலைத் தளங்கள் என்றொரு வகை உண்டு. நாளை மழை வருமா என்று சொல்வது அவற்றின் முக்கிய வேலை அல்ல. ஓர் ஊரின் பெயரையும் ஒரு திகதியையும் கொடுத்தால், அன்று அங்கே வெப்பம் எவ்வளவு, மழை எவ்வளவு, காற்று எப்பக்கம் என்று காட்டும். விவசாயிகள், கட்டிட வேலை செய்பவர்கள், காப்புறுதிக்காரர், மாணவர் என்று பலரும் பயன்படுத்துவார்கள்.

தளம் திறந்தது. முதலில் மழை வரவில்லை. இரண்டு கேள்விகள் வந்தன. "குக்கிகளை ஏற்றுக்கொள்கிறீர்களா?" என்பது ஒன்று. "உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதிக்கிறீர்களா?" என்பது மற்றது. நான் பழக்கத்தில் "ஆம்" என்பதை அழுத்தப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொறு பிள்ளை. உது என்ன கேக்குது?"

சொன்னேன்.

"நான் கேக்கிறது அண்டைக்குப் பெஞ்ச மழையை. நான் இப்ப எங்க இருக்கிறன் எண்டு உதுக்கு ஏன்?"

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த எனக்கு இந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றவே இல்லை. அன்றிரவு உட்கார்ந்து வாசித்து அறிந்ததைத்தான் இந்த மாதம் உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

கேட்காமலே தெரிய வருபவை

நாங்கள் எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் சில விபரங்கள் தாமாகவே அங்கே போய்விடும். அவற்றில் முதலாவது ஐபி முகவரி. கடிதம் எழுதினால் பதில் வர எங்கள் விலாசம் வேண்டும் அல்லவா? அதுபோல, கேட்ட பக்கத்தைத் திருப்பி அனுப்புவதற்குத் தளத்துக்கு ஓர் இலக்கம் வேண்டும். அந்த இலக்கம் எங்கள் வீட்டைக் காட்டாது. நாட்டை, சில வேளை நகரத்தைக் காட்டும். அந்த நகரமும் பிழையாக இருப்பது உண்டு. ஆனால் அந்த நேரத்தில் அந்த இலக்கத்தை எந்த இணைப்புக்குக் கொடுத்தோம் என்பதைத் தொலைபேசிச் சேவை வழங்கும் நிறுவனத்தால் கண்டுபிடிக்க முடியும். எங்கள் சிம் அட்டை அடையாள அட்டை இலக்கத்தோடு பதியப்பட்டிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அதனுடன், எந்த வகைத் தொலைபேசி, எந்த மொழி, எத்தனை மணிக்கு வந்தோம், எந்தப் பக்கத்தைப் பார்த்தோம் என்பவையும் போகும். தளத்தின் கணினி இவற்றை வரிசையாக ஒரு பதிவேட்டில் எழுதிக்கொள்ளும். கிராம அலுவலர் அலுவலகத்தில் வருகைப் புத்தகம் இருப்பது போலத்தான் இதுவும். இதில் தீய நோக்கம் இருக்க வேண்டும் என்றில்லை. தளம் பழுதடைந்தால் திருத்தவும், யாரும் அதைத் தாக்கினால் கண்டறியவும் அந்தப் பதிவேடு தேவை.

பழைய வானிலைத் தளத்தில் இன்னொரு விடயமும் உண்டு. பெரும்பாலும் அங்கே பக்கத்தின் முகவரியிலேயே ஊரின் பெயரும் திகதியும் இருக்கும். ஆகவே பதிவேட்டில் "இந்த இலக்கத்திலிருந்து வந்தவர் இந்த ஊரின் இந்த நாளைத் தேடினார்" என்று பதிவாகிவிடும். மழை எல்லோருக்கும் பொதுவானது. அதில் இரகசியம் இல்லை. ஆனால் ஒரு தாய் குறிப்பிட்ட ஓர் இடத்தின் குறிப்பிட்ட ஒரு நாளைத் திரும்பத் திரும்பத் தேடினால், அந்தத் தேடலே அவரைப் பற்றி ஏதோ சொல்கிறது. வானிலை இரகசியம் அல்ல, அதை யார் எதற்காகத் தேடினார் என்பதுதான் இரகசியம்.

குக்கி என்றால் என்ன?

பெயரைக் கேட்டுத் தின்பண்டம் என்று நினைக்க வேண்டாம். குக்கி என்பது தளம் எங்கள் தொலைபேசியில் வைத்துவிட்டுப் போகும் ஒரு சிறு குறிப்பு. 1994ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை செய்த லூ மொன்டுலி என்பவர் இதை உருவாக்கினார். சலவைக்குப் போட்ட உடுப்புக்குத் துண்டு தருவார்களே, அது போல. அடுத்த முறை நாங்கள் வரும்போது அந்தத் துண்டைப் பார்த்து, "இவர் முன்பும் வந்தவர்" என்று தளம் அறிந்துகொள்ளும். வெப்பத்தைச் செல்சியஸில் காட்டுவதா, முன்பு பார்த்த ஊரை மறுபடி காட்டுவதா என்று ஞாபகம் வைக்க இது உதவும். இந்த வகைக் குக்கியால் பெரிய கெடுதி இல்லை.

யோசிக்க வேண்டியது மற்ற வகை. இலவசமாகக் கிடைக்கும் பல தளங்கள் விளம்பரத்தால் வாழ்பவை. தளத்தில் விளம்பரம் போடும் நிறுவனங்களும் தங்கள் தங்கள் துண்டுகளை எங்கள் தொலைபேசியில் வைக்கும். அதே நிறுவனம் நாங்கள் போகும் வேறு தளங்களிலும் விளம்பரம் போடுகிறது. காலையில் மழை பார்த்தவர், மதியம் மருந்து தேடியவர், இரவு கடன் தேடியவர் எல்லாம் ஒரே ஆள் என்று அது கோத்துப் பார்க்கும். பெயர் தெரியாவிட்டாலும் ஆளின் சாயல் தெரிந்துவிடும்.

இருப்பிடம் என்ற பெரிய அனுமதி

ஐபி முகவரியையும் இருப்பிட அனுமதியையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. இருப்பிடத்துக்கு "ஆம்" என்று சொன்னால், தொலைபேசி செய்மதியின் உதவியோடு நாங்கள் நிற்கும் இடத்தைச் சில மீற்றர் அளவுக்குத் துல்லியமாகச் சொல்லிவிடும். எந்த ஒழுங்கை, எந்த வீடு என்பது வரைக்கும். தொலைபேசியில் இறக்கி வைத்த செயலிக்கு "எப்போதும்" என்று அனுமதி கொடுத்திருந்தால், நாங்கள் அதைத் திறக்காத நேரத்திலும் அது பார்க்கலாம். இரவு எங்கே தங்குகிறோம், காலையில் எந்த அலுவலகத்துக்குப் போகிறோம், எந்த மருத்துவமனையில் இரண்டு மணித்தியாலம் இருந்தோம் என்று எல்லாம் அதில் விழும்.

இது வீண் பயமா என்று கேட்பீர்கள். வெளிநாட்டில் பகிரங்கமான இரண்டு விடயங்களைச் சொல்கிறேன்.

2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், அமெரிக்காவின் அக்குவெதர் என்ற வானிலைச் செயலியைப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் ஐபோனில் பரிசோதித்தார். இருப்பிடத்தை அறிய அனுமதி இல்லை என்று பயனாளர் மறுத்த பிறகும், அவர் இணைந்திருந்த வைஃபை கருவியின் அடையாளம் வேறொரு நிறுவனத்துக்குப் போவதை அவர் கண்டார். அந்த அடையாளத்தை வைத்து ஆள் இருக்கும் இடத்தை ஊகிக்கலாம். முன்கதவைப் பூட்டினால் யன்னலால் பார்ப்பது போன்றது இது. செய்தி வெளியானதும் நிறுவனம் செயலியை மாற்றி வெளியிட்டது.

இரண்டாவது, 2019ஆம் ஆண்டு ஜனவரி மாதம் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் சட்டத்தரணி மைக் ஃபொயர் தொடுத்த வழக்கு. வெதர் சனல் என்ற செயலி, உள்ளூர் வானிலையைச் சொல்வதற்காக என்று இருப்பிட அனுமதியைக் கேட்டுவிட்டு, அந்த விபரத்தை விளம்பரத்துக்கும் வேறு வியாபாரத்துக்கும் பயன்படுத்தியது, அதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. அப்போது அந்தச் செயலியின் உரிமை ஐபிஎம் நிறுவனத்திடம் இருந்தது. தாங்கள் எதையும் மறைக்கவில்லை என்று நிறுவனம் சொன்னது. 2020 ஆகஸ்டில் இணக்கம் ஏற்பட்டது. இருப்பிட விபரத்தை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்பதை மக்களுக்குத் தெளிவாக அறிவிக்க நிறுவனம் ஒத்துக்கொண்டது. பழைய வானிலையைத் தேட உலகெங்கும் பலர் போகும் வெதர் அண்டர்கிரவுண்ட் தளமும் அதே நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இந்த வழக்கில் பேசப்பட்டது மழையைப் பற்றியல்ல. ஒரு காரணத்தைச் சொல்லி வாங்கிய விபரத்தை வேறு காரணத்துக்குப் பயன்படுத்தலாமா என்பதைப் பற்றி. அக்கா கேட்டதும் அதே கேள்விதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018ஆம் ஆண்டு மே 25ஆம் திகதி முதல் ஒரு கடுமையான தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. இன்று பல தளங்களில் "ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா" என்ற கேள்வி எழும்புவதற்கு ஐரோப்பியச் சட்டங்களே முக்கிய காரணம். எங்கள் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஆளுக்குரிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வரும் வகையில் அது ஆக்கப்பட்டது. அதன் அடிப்படை எளிமையானது. சொல்லப்பட்ட நோக்கத்துக்கு மட்டும், அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவு மட்டும், தேவையான காலம் மட்டுமே ஒருவரின் விபரத்தை வைத்திருக்க வேண்டும். தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவும், பிழையைத் திருத்தவும், கொடுத்த சம்மதத்தை மீளப் பெறவும் ஒருவருக்கு உரிமை உண்டு என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. இனம், மதம், அரசியல் கருத்து, உடல்நலம், பிள்ளைகள் பற்றிய விபரங்களுக்கு அதிக பாதுகாப்பு வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது.

தளங்களின் அடியில் சிறிய எழுத்தில் "தனியுரிமைக் கொள்கை" என்று ஒரு பகுதி இருக்கும். அது நீளமாக, பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். முழுவதையும் வாசிக்கத் தேவையில்லை. ஐந்து கேள்விகளுக்கு மட்டும் அதில் பதில் தேடுங்கள். அல்லது படித்த பிள்ளை ஒன்றிடம் தேடித் தரச் சொல்லுங்கள். என்னென்ன விபரம் எடுக்கிறார்கள்? எதற்காக? எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள்? வேறு யாருக்குக் கொடுக்கிறார்கள்? அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா? நேர்மையான தளம் இவற்றுக்கு நேராகப் பதில் சொல்லும்.

நாங்கள் செய்யக்கூடியவை

இருப்பிட அனுமதி கேட்டால் "வேண்டாம்" என்று அழுத்துங்கள். ஊரின் பெயரை நாங்களே எழுதித் தேடலாம். பழைய மழையை அறிய இன்று நிற்கும் இடம் தேவையே இல்லை.

குக்கிக் கேள்விக்கு "மறுக்கிறேன்" அல்லது "அவசியமானவை மட்டும்" என்பதைத் தெரிவு செய்யுங்கள். அந்தச் சொல் சிறிதாக, ஒரு மூலையில் இருக்கும். பொறுமையாகத் தேடுங்கள்.

வானிலைச் செயலி வைத்திருப்பவர்கள் தொலைபேசி அமைப்புக்குள் போய், இருப்பிட அனுமதியை "பயன்படுத்தும்போது மட்டும்" என்று மாற்றுங்கள். கடலுக்குப் போகும் குடும்பங்களுக்கும் வயல் செய்பவர்களுக்கும் வானிலை அறிவிப்பு உயிர் காக்கும் விடயம். எனவே செயலியை அழித்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு கொடுப்பது என்பதை நீங்கள் தீர்மானியுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கடையிலோ பிறர் தொலைபேசியிலோ தேடினால் உங்கள் கணக்குக்குள் நுழையாமல் தேடுங்கள். தனிப்பட்ட சாளரம் என்ற வசதி உண்டு. அது அந்தத் தொலைபேசியில் தேடிய தடத்தை வைக்காது. ஆனால் தளத்திடமிருந்தோ சேவை நிறுவனத்திடமிருந்தோ அது உங்களை முழுதாக மறைக்காது. இதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள்.

பேச்சுப் பெட்டியிலோ கருத்துக் கேட்கும் இடத்திலோ உங்கள் கதையை எழுத வேண்டாம். ஊரும் திகதியும் போதும். ஏன் தேடுகிறீர்கள் என்பது உங்களுடையது.

அக்காவின் திகதி

அடுத்த நாள் இருவரும் மறுபடி உட்கார்ந்தோம். இருப்பிடத்துக்கு "வேண்டாம்", குக்கிக்கு "மறுக்கிறேன்". ஊரின் பெயரை எழுதினோம். 2008 நவம்பர் கடைசி வாரத்து மழை வரைபடமாக வந்தது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "உதுதான். உந்த உயரமாய் நிக்கிறதுதான்" என்றார்.

ஆனாலும் ஒரு விடயத்தை அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. இப்படியான தளங்கள் எல்லா ஊர்களிலும் மழைமானி வைத்து அளந்ததைக் காட்டுவதில்லை. அளவீடு இல்லாத இடங்களுக்குக் கணினி கணித்த மதிப்பீட்டைக் காட்டும். நடுத்தர கால வானிலை முன்னறிவிப்புக்கான ஐரோப்பிய நிலையம் 1940 முதலான உலக வானிலையை மணித்தியால வாரியாகக் கணித்து வைத்திருக்கிறது. ஆனால் அதன் ஒரு கட்டம் ஏறக்குறைய 31 கிலோமீற்றர் அகலமானது. ஒரு கூடாரத்தில் பெய்த மழையை அது சொல்லாது. அந்தப் பகுதி முழுவதற்குமான மழையைச் சொல்லும். உத்தியோகபூர்வமாக ஆதாரம் வேண்டுமென்றால் கொழும்பிலுள்ள வளிமண்டலவியல் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

ஆகவே நாங்கள் ஒரு திகதியை இட்டுக்கட்டவில்லை. "2008 நவம்பர் 25ஆம் திகதியை ஒட்டிய பெருவெள்ளத்துக்கு அடுத்த நாள் காலை" என்று எழுதினோம். முன்பு எழுதிய மூன்று திகதிகளும் தான் சொன்னவை அல்ல, எழுதியவர்கள் போட்டவை என்றும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "இப்பத்தான் நான் சொன்னது எழுதியிருக்கு" என்றார். மகன் கிடைத்துவிடவில்லை. ஆனால் தாயின் சொல் அவர் சொன்னபடியே கடதாசியில் இருக்கிறது.

எழும்பும்போது அவர் என் மேசையில் கிடந்த கொப்பியைக் காட்டினார். "பிள்ளை, நீங்கள் எழுதிற உந்தக் கொப்பி ஆரிட்டப் போகும்?"

சகோதரிகளே, அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. அந்தக் கொப்பியில் உங்களில் பலரின் கதைகள் இருக்கின்றன. யாருக்குக் கணவர் இல்லை, யாருக்குக் கடன், யார் வீட்டில் அடி, யாருடைய மகள் எங்கே வேலை செய்கிறாள் என்று எல்லாம். அது பூட்டில்லாத லாச்சியில் கிடந்தது. கூட்டத்துக்குக் கூட்டம் படிவம் நிரப்பினோம். புகைப்படம் எடுத்தோம். எதற்காக, யாருக்கு அனுப்புவோம், எப்போது அழிப்போம் என்று உங்களுக்குச் சொன்னோமா? தூர தேசத்துத் தளம் குறைந்தது ஒரு கேள்வியாவது கேட்டது. பக்கத்தில் இருந்த நாங்கள் அதையும் கேட்கவில்லை.

இப்போது அந்தக் கொப்பி பூட்டுக்குள் இருக்கிறது. பெயருக்குப் பதிலாக இலக்கம் எழுதுகிறோம். தேவையில்லாத கேள்விகளைப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டோம். படம் எடுக்கும் முன் கேட்கிறோம். "வேண்டாம்" என்று சொல்பவருக்கும் உதவி குறையாது என்பதை முதலிலேயே சொல்கிறோம்.

முகாம்களிலும் நிவாரண வரிசைகளிலும் எத்தனையோ முறை எங்களைப் பதிந்திருக்கிறார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி, கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்ற பழக்கம் எங்களுக்கு வந்துவிட்டது. அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவோம். அடுத்த முறை ஒரு தளமோ, ஓர் அலுவலகமோ, என்னைப் போன்ற ஒருத்தியோ உங்களிடம் விபரம் கேட்டால், அந்த அக்காவைப் போல ஒரு நிமிடம் கையைப் பிடித்து நிறுத்துங்கள். "உது உங்களுக்கு ஏன்?" என்று கேளுங்கள்.

சரியான காரணம் இருந்தால் பதில் சொல்வார்கள். இல்லாவிட்டால், கொடுக்க வேண்டாம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.